கரண்டிக் கணக்கும் இஞ்சு டேப்பும்

உங்கள் உடம்பை வீட்டிலேயே எப்படிக் கவனித்து வருகிறீர்கள், அதில் எங்கே குழம்புகிறீர்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். மேசை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. திருநெல்வேலியில் இருபத்தாறு வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். இவ்வளவு பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது எனக்கே தெரியாது. சில கடிதங்களைப் படித்துவிட்டு, எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் பதில் எழுத முடிந்தது. ஏழு கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. வெறும் வயிற்றில் சர்க்கரை 112 வந்தது. மூன்று மாதம் சாப்பாட்டைக் கவனியுங்கள் என்றார் டாக்டர். போனில் ஒரு ஆப் போட்டு எல்லாவற்றையும் பதிந்தேன். ஒரு ஆப்பில் இட்லி 39 கலோரி, இன்னொன்றில் 58. எங்கள் வீட்டுப் புளிக்குழம்பும் துவட்டலும் எதிலும் இல்லை. மூன்றே வாரத்தில் விட்டுவிட்டேன். வேறு வழி உண்டா மேடம்?
வாசகி, விருதுநகர்

விட்டதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இரண்டு ஆப்பும் பொய் சொல்லவும் இல்லை. என் வீட்டு இட்லியை நிறுத்துப் பார்த்தேன், 38 கிராம். என் அம்மா துணி போட்டு ஊற்றுகிற இட்லி 65 கிராம். இரண்டுக்கும் பெயர் இட்லிதான். சாம்பார்க் கரண்டியும் அப்படித்தான். என் வீட்டுக் கரண்டி 90 மில்லி பிடிக்கும், என் தங்கை வீட்டில் 140. உங்கள் அடுப்படியைப் பார்க்காத யாரோ போட்ட கணக்கு உங்கள் தட்டுக்குப் பொருந்தாமல் போவது சகஜம்.

அதனால் முதலில் உங்கள் வீட்டுப் பாத்திரங்களை அளந்து வையுங்கள். ஒரே ஒரு நாள் வேலை. அரிசி அளக்கும் டம்ளரை நிரப்பி, தெருமுனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். குழம்புக் கரண்டியில் எத்தனை மில்லி தண்ணீர் பிடிக்கிறது என்று மருந்து பாட்டில் மூடியால் அளந்து பாருங்கள். இட்லித் தட்டில் வெந்த ஒரு இட்லியின் எடை. எண்ணெய் ஊற்றும் சின்னக் கரண்டி. இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம் கலோரியே வேண்டாம். "இட்லி 4, தேங்காய்ச் சட்னி 2 கரண்டி, சாம்பார் 1 கரண்டி" என்று எழுதினால் போதும்.

பக்கத்துக்கு நான்கு பத்தி போடுங்கள்: நேரம், சாப்பிட்டது, எவ்வளவு, எதற்காக. கடைசிப் பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன். பசித்தது, பிள்ளை தட்டில் மிச்சம் இருந்தது, ஸ்டாஃப் ரூமில் யாரோ பிறந்தநாள் என்று நீட்டினார்கள், தலைவலித்தது, தூக்கம் வரவில்லை. என்னிடம் வந்த ஒரு டீச்சர் ஐந்து நாள் எழுதிய பிறகு அவரே சொன்னார்: "மேடம், நான் மூணு வேளைதான் சாப்பிடுறேன்னு நினைச்சிட்டிருந்தேன், ஒன்பது தடவை எழுதியிருக்கேன்." அவருக்குச் சோறு அதிகமாகவே இல்லை. டீதான் அதிகம். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 5 கிராம் என்று வைத்தால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

எல்லா நாளும் எழுதவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு பள்ளி நாள், ஒரு ஞாயிறு. ஞாயிறை விடாதீர்கள். பிரியாணியும் மதியத் தூக்கமும் அன்றைக்குத்தான். சாப்பிட்ட உடனே எழுதுங்கள். ராத்திரி யோசித்து எழுதினால் நடுவில் வாயில் போட்டது எதுவும் நினைவுக்கு வராது.

எதோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாள் தட்டு இருக்கிறது. (இன்று ஹைதராபாத்தில் இருக்கும் அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் சின்னக் கூடமாகத் தொடங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.) 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு, சமைக்காத எடையில் தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் நெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. நம் ஊர்த் தட்டுகளில் தானியம் இதைத் தாண்டிவிடுகிறது, காய் பாதிகூட வருவதில்லை. உங்கள் நோட்டில் காய் வரும் இடங்களை மட்டும் பச்சை மையால் அடிக்கோடு போடுங்கள். நான் நீட்டி விளக்குவதைவிட அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

எண்ணெயையும் உப்பையும் தட்டில் அளக்க முடியாது, பாக்கெட்டில் அளக்கலாம். பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். ஆளுக்கு 27 கிராம் என்றால் நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் அதற்குள் அடக்கம். கடை வடை, பஜ்ஜி எண்ணெய் அதில் வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். உப்பு ஆளுக்கு 5 கிராம். நான்கு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். முப்பதாவது நாளே தீர்ந்தால் எங்கேயோ கை தாராளமாக இருக்கிறது.

112 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. திரும்பி இறங்கக்கூடிய படிதான். மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். அப்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்ப்பார்கள். உங்களுக்கு ரத்தசோகை இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்தச் சராசரி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

வயது 36, கம்ப்யூட்டர் வேலை. உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. பி.எம்.ஐ. 22.8, நார்மல் என்கிறது போன். பேன்ட் சைஸ் 32தான். ஆனால் தொப்பை இருக்கிறது. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை. போன் சொல்வதை நம்பலாமா?
வாசகர், ஓசூர்

பி.எம்.ஐ. என்பது பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற புள்ளியியல் அறிஞர் 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்க, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு. எடைக்குள் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றில் சேர்ந்துவிடும். அதனால்தான் இந்தியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கைக் கோடு போட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறீர்கள்.

பேன்ட் சைஸையும் விட்டுவிடுங்கள். அது தொப்பைக்குக் கீழே உட்காருகிறது. தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப்பை எடுங்கள். பழைய டேப் இழுபட்டிருக்கும், இரும்பு ஸ்கேலோடு ஒருமுறை வைத்துச் சரிபாருங்கள். சட்டையைக் கழற்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது கோடு. கடிதத்தின் பின்பக்கத்தில் 94 என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக அளந்த அளவு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது உங்களுக்கு இன்னொரு கருவி தருகிறேன், காசு செலவில்லாதது. சென்னையில் டாக்டர் மோகனும் அவரது சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையமும் சென்னை மக்களிடம் நடத்திய ஆய்விலிருந்து 2005இல் வெளியிட்ட மதிப்பெண் முறை. நாலே கேள்வி. வயது: 35க்குள் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்று: ஆண் 90க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, நூறைத் தொட்டால் 20, பெண்ணுக்கு ஒவ்வொன்றிலும் பத்து செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். உழைப்பு: முறையான உடற்பயிற்சியும் உடலுழைப்பு வேலையும் இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லாவிட்டால் 30. பெற்றோருக்குச் சர்க்கரை: யாருக்கும் இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20. கூட்டினால் நூற்றுக்கு வரும். 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து அதிகம்.

உங்களுக்கு 20, 10, 30, 20. மொத்தம் 80. போன் நார்மல் என்றது, இது 80 என்கிறது. நான் இதைத்தான் நம்புவேன்.

பயப்படுத்த இதை எழுதவில்லை. இந்த எண்ணை உடைத்துப் பாருங்கள். வயதும் பெற்றோரும் சேர்ந்த 40 உங்கள் கையில் இல்லை. நடையைத் தொடங்கி நிலைத்துவிட்டால் 30 இருபதாகும். இடுப்பு 90க்குக் கீழே வந்தால் 10 போய்விடும். அப்போதும் 60 நிற்கும், அதை மறைக்க மாட்டேன். ஆகவே நீங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உங்களுக்குக் கட்டாயம். இந்த வாரமே ஒன்று எடுத்துவிடுங்கள். லேபுக்குப் போக வசதிப்படாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். இடுப்பை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். வாரா வாரம் டேப்பைச் சுற்றினால் வாயுவைத்தான் அளப்பீர்கள்.

67 வயது, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரே காலையில், பத்து நிமிட இடைவெளியில், வீட்டு மெஷினில் 148, லேபில் 132. மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாமா அம்மா?
வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம் ஐயா, உங்கள் மெஷின் நல்ல மெஷின்தான். வீட்டுக் கருவிகளுக்கு உலகத் தரவிதி ஒன்று உண்டு. 100க்கு மேல் போனால் லேப் அளவிலிருந்து 15 சதவீதம் மேலோ கீழோ இருக்கலாம். உங்கள் 132க்கு 15 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 152. 148 அதற்குள் அடங்கிவிடுகிறது. லேபில் நரம்பு ரத்தம், வீட்டில் விரல் நுனி ரத்தம், அதனாலும் கொஞ்சம் மாறும்.

ஆனால் கை சுத்தமில்லாவிட்டால் எந்த மெஷினும் தப்பாகத்தான் சொல்லும். வாழைப்பழம் உரித்த விரலில் குத்திப் பார்த்தால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரல் நுனியின் நடுவை விட்டுப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்படியில் வைக்காதீர்கள், மூடியைத் திறந்தும் வைக்காதீர்கள். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டார். 1979 வாக்கில் தாத்தாவுக்குச் சர்க்கரை. அப்போது ஏது வீட்டு மெஷின்? பின்கட்டில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய், இடுக்கி. பெனடிக்ட் திரவம் என்று ஒரு நீல மருந்து, அதில் 5 மில்லி. எட்டுச் சொட்டு சிறுநீர். ஆச்சி அதைக் கொதிக்க வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். தினசரி காலண்டர் தாளில் அந்த நிறத்தை என் கலர் பென்சிலால் என்னையே தீட்டச் சொல்வார். நிறத்துக்குக் கீழே, முந்தின வேளை என்ன சாப்பாடு என்று ஒரு வரி. செங்கல் நிறம் வந்த நாளுக்குக் கீழே பெரும்பாலும் "கல்யாண வீடு" என்று இருக்கும். ஆச்சி படித்தது மூன்றாம் வகுப்பு.

அந்தச் சோதனை முரட்டுச் சோதனைதான். ரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதற்குக் கீழே நடப்பது எதுவும் அதில் தெரியாது. இன்று உங்கள் கையில் இருப்பது அதைவிட எவ்வளவோ கூர்மையான கருவி. ஆச்சி எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் நீங்களும் எழுதுங்கள் ஐயா. நீங்கள் அனுப்பிய பட்டியலில் நாற்பது எண் இருக்கிறது, ஒன்றின் பக்கத்திலும் சாப்பாடு இல்லை. 148 என்று மட்டும் இருந்தால் நானோ உங்கள் டாக்டரோ என்ன செய்வது?

தினமும் வெறும் வயிற்றில் மட்டும் குத்துவதை நிறுத்திவிட்டு, ஜோடியாகப் பாருங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வாரத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு நாள் நான்கு இட்லி, சட்னி. இன்னொரு நாள் மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், கூடவே ஒரு கிண்ணம் பாசிப்பயறு. இரண்டு நாளிலும் எவ்வளவு ஏறியது என்று கழித்துப் பாருங்கள். ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஒவ்வொன்றையும் மூன்று தடவை பாருங்கள். ஒரே மெஷினில் பார்ப்பதால் அந்த 15 சதவீதக் கவலையும் பெரிதாகக் குறுக்கே வராது. கேழ்வரகு களி நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். அதையும் இப்படியே உங்கள் உடம்பிடம் கேட்டுவிடலாம்.

மாத்திரையை மட்டும் நோட்டைப் பார்த்து நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, 70க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படி நடந்த நாளைச் சிவப்பில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பி.பி. பார்த்தால் ஒரு தடவை 150, உடனே 138, அப்புறம் 142. எதை எழுதுவது?
வாசகி, நாகர்கோவில்

முதலில் வருவது கூடுதலாக இருப்பது வழக்கம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை மேற்கையில், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டு அளவில் 135க்கு 85 என்ற கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரைப் பாருங்கள். அப்புறம், டி.வி.யில் சீரியல் ஓடும்போது பார்க்காதீர்கள்.

பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பயனில்லையா? என் வாட்ச் 400 கலோரி எரிந்தது என்கிறது, அதற்குச் சமமாக ஒரு பரோட்டா சாப்பிடலாமா?
கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர். மான்போ-கேய், பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு வந்தது. வட்டமான எண், பிடித்துக்கொண்டது. நீங்கள் இப்போது நடப்பது 3000 என்றால் அடுத்த மாதம் 4500 ஆகட்டும், அதிலேயே பயன் உண்டு. கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பிட வேண்டாம். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தது. நாடித் துடிப்பைப் பெரும்பாலும் நன்றாகவே சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் தவறியது. பரோட்டா பிடித்திருந்தால் எப்போதாவது பரோட்டாவாகவே சாப்பிடுங்கள், வாட்சிடம் அனுமதி கேட்க வேண்டாம்.

அக்கா, எனக்கு 23 வயது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை எடை பார்க்கிறேன். காலையில், குளித்த பிறகு, சாப்பிட்ட பிறகு. அரைக் கிலோ ஏறினாலும் ராத்திரி சாப்பிட மாட்டேன். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இன்னும் சரியாகக் கணக்கு வைக்க ஒரு அட்டவணை போட்டுத் தருவீர்களா?
பெயர் வேண்டாம், கரூர்

தங்கச்சி, அட்டவணை தர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

எட்டு வருடம் முன்பு என்னிடம் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். எடை குறைய வேண்டும் என்றாள். நானும் எல்லோருக்கும் தருகிற மாதிரி ஒரு தாளைக் கொடுத்து, எடையை எழுதி வா என்று அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தபோது அந்தத் தாளில் நான் போட்ட கோடுகளுக்கு நடுவில் சிவப்பு மையில் இன்னும் மூன்று மடங்கு கோடுகள் போட்டிருந்தாள். முகம் ஒடுங்கியிருந்தது. நான் முதல் நாளே, "நீ எதற்காகக் குறைக்க வேண்டும் என்கிறாய்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் மீண்டுவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து தாளை நீட்டும் முன் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். சிலருக்குத் தாளே கொடுப்பதில்லை.

அந்த மெஷின் காட்டும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் உங்கள் உடம்பே இல்லை. குடித்த தண்ணீர், சாப்பிட்ட உப்பு, வயிற்றில் இருப்பது, மாதவிலக்கை ஒட்டி உடம்பு தேக்கும் நீர், இவற்றாலேயே ஒரு நாளுக்குள் ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்கும். ஏறிய அரைக் கிலோ கொழுப்பே கிடையாது. அதற்காக நீங்கள் ஒரு வேளை பட்டினி கிடந்திருக்கிறீர்கள். மாதவிலக்கு நின்றதும் கண் இருட்டுவதும், எனக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். இதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். இந்தக் கடிதத்தில் எழுதியதை ஒரு வரி விடாமல் அவரிடம் சொல்லுங்கள். மயக்கம் வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். சாப்பாடும் எடையும் மனதை இப்படிப் பிடித்துக்கொள்வது ஒரு நோய்தான். மனநல மருத்துவர்கள் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள், குணமும் ஆகிறது. நேரில் போகும் வரை யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

எடை மெஷினை அம்மாவிடம் கொடுத்து, கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போதும், எண்ணை என்னிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கலாம். அவர்கள் புரிந்துகொள்வார்கள். இன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது நீங்களும் உட்காருங்கள். முழுதாக முடியாவிட்டால் பாதி.

அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. தை மாதம் 52 கிலோ இருந்தார், புரட்டாசியில் 47. சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது. எடை குறைந்தது நல்லதுதானே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஆனால் வளையல் முழங்கை வரை ஏறுகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.
வாசகி, தஞ்சாவூர்

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. 52இல் 5 கிலோ போவது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. வயதானவர்களுக்கு, முயற்சி செய்யாமலே ஆறு மாதம் ஒரு வருடத்துக்குள் இருபதில் ஒரு பங்கு போனாலே காரணம் தேட வேண்டும். பல் வலியாக இருக்கலாம், விழுங்கச் சிரமமாக இருக்கலாம், தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, மாத்திரையால் பசி மந்தம், எதுவாகவும் இருக்கலாம். தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் இருப்பதும் உண்டு. சர்க்கரை குறைந்ததே சாப்பாடு குறைந்ததால்தானோ என்பது என் சந்தேகம். சாப்பாடு குறைந்து மாத்திரை மட்டும் பழைய அளவில் போனால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். இந்த வாரம் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வளையல் சமாச்சாரத்தையும் சொல்லுங்கள். பதினைந்து வருடமாக ஒரே வளையல் போட்டிருக்கும் கையைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குத் தெரியாது.

போகும் முன் வீட்டில் இரண்டு சோதனை செய்து எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளங்கள். நம்மைப் போன்ற ஆசியப் பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் தசை கரைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். டேப் இல்லாவிட்டால் அம்மாவின் இரண்டு கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி அதே இடத்தைச் சுற்றிப் பாருங்கள். சுற்றிய பிறகும் இடைவெளி இருந்தால் கால் மெலிந்துவிட்டது. அடுத்து, கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதையும் எழுதுங்கள். முடியவே இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், "முடியவில்லை" என்று எழுதினால் போதும்.

சாப்பாட்டில், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், அம்மாவின் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் சேர வேண்டும், அதாவது நாளைக்கு 47 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 சொச்சம், அரைக் கிண்ணம் சுண்டலில் 7 கிராம் அளவுக்கு வரும். பல் இல்லாவிட்டால் சுண்டலை மசித்துக் கொடுங்கள். ராத்திரி ரசம் சோறும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேளையில்தான் முட்டையோ தயிரோ பருப்போ போக வேண்டும். தஞ்சாவூரில் மீன் நன்றாகக் கிடைக்கும், சாப்பிடுபவர் என்றால் முள் எடுத்துக் கொடுங்கள். முடிந்தால் ஒரு வேளையாவது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எடையை மாதப் பிறப்பு அன்று, காலை பல் தேய்த்ததும், ஒரே மெஷினில் பாருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும், ஐப்பசி முதல் தேதி எடையையும், கெண்டைக்கால் அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.